வளையும் தகடு

திருவிடைமருதூர் பக்கத்தில் ரெத்தினம் உழுவது குத்தகை நிலம். போன வருஷப் பயிரை வெள்ளம் கொண்டுபோயிற்று. இந்தக் குறுவையும் போனால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் துரைராசு கறாராகச் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்ட நேரத்தில் மனுஷன் வாயையும் கையையும் அடக்க வேண்டாமோ? கும்பகோணத்தில் ஜாஃபர் சாதிக் பட்டறையில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் புது மோட்டார் செய்யச் சொல்லிப் போனவர், மோட்டாருக்குள் அடுக்குகிற இரும்புத் தகடுகள் இரண்டு ரகம் கிடப்பதைப் பார்த்தார். இரண்டையும் மடக்கினார். ஒன்று அப்பளம் போல் ஒடிந்தது. மற்றது சொன்னபடி வளைந்தது. வளைவதையே போடு என்றார்.

ஜாஃபருக்கு மனசு கேட்கவில்லை. ஓசூரில் மோட்டார் கம்பெனியில் வேலை பார்க்கும் ரெத்தினத்தின் மகள் செம்மொழியிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார். அவள் போனில் பொறுமையாக விளக்கினாள். ஒடிந்ததில் சிலிக்கான் கலந்திருக்கிறது. அது இருந்தால் மின்சாரம் இரும்புக்குள்ளேயே சுற்றி வீணாகிச் சூடாவது குறையும். ஆனால் தகடு சுலபமாக ஒடியும். வளைவது வெறும் இரும்பு, கொதித்துப்போகும்.

“மோட்டாருக்குள்ள பூந்து அத யாருப்பா வளைக்கப் போறா? பேசாம ஒடியறதையே போடு.”

ரெத்தினத்துக்குச் சுருக்கென்றது. காலமெல்லாம் மண்வெட்டி பிடித்தவனுக்கு இரும்பு தெரியாதாம்! கரண்ட் இலவசம், வீணானால் யார் வீட்டுச் சொத்து போகிறது என்று சொல்லி, வளைவதையே போடவைத்து எடுத்து வந்தார்.

மோட்டார் ஓடியது, ஆனால் தொட்டால் கை பொறுக்கவில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தி ஓட்டினார். மகள் கேட்டபோதெல்லாம் ஜம்மென்று ஓடுவதாகச் சொன்னார். கதிர் வெளிவரும் நேரம் பார்த்து வாய்க்காலில் தண்ணீர் வரத்து நின்றது. பகலெல்லாம் ஓட்டியதில் மோட்டார் புகைந்து கருகியது. வேறு மோட்டாருக்கு அலைந்து முடிப்பதற்குள் பயிர் பதராகிவிட்டது.

செம்மொழி லீவு போட்டு ஓடி வந்தாள். கருகிய மோட்டாரை அவள் பிரித்துப் பார்த்ததில், உள்ளே இருந்தது வளையும் தகடு. துரைராசு வயலுக்கு வந்தபோது அப்பாவின் பக்கத்தில் நின்றாள். துரைராசு ஒரு கதிரை உருவிப் பார்த்துவிட்டு, மோட்டார் புதுசுதானே என்று கேட்டார்.

ரெத்தினம் மனசுக்குள் கணக்குப் போட்டார். தன் பிடிவாதம் என்று சொன்னால் நிலமும் போகும், மானமும் போகும்.

“புதுசுதாங்க. படிச்ச புள்ளயாச்சேன்னு, அது சொன்ன இரும்பப் போட்டேங்க. கெட்டேன்.”

செம்மொழி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பொம்பளைப் பிள்ளை பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்று துரைராசு சிரித்தார். பாவம், உன் மேல் தப்பில்லை, இன்னும் ஒரு போகம் பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலம் தப்பியது. கொஞ்ச நேரம் கழித்து ரெத்தினம், அவள் முகத்தைப் பார்க்காமலே, அடுத்த மோட்டாருக்கு எந்தத் தகடு போடலாம் என்று மெல்லக் கேட்டார்.

“ஒங்களுக்குப் புடிச்சதப் போடுங்க,” என்றாள். “கெட்டுப்போனா எம்பேரச் சொல்லிக்குங்க.”