தேய்த்த கல்

பெண் மீனின் வயிறு காலையில் இன்னும் உப்பியிருந்தது. தொட்டியின் மூலையில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. முட்டை வெளியே வராவிட்டால் உள்ளேயே அழுகி, மீன் செத்துப்போகும். ஆற்றில் இந்த மீனைக் கண்ணால் பார்த்து வருஷக்கணக்காகிறது. இந்த மீன்குஞ்சுப் பொரிப்பகத்தில் மிச்சமிருப்பவை இதுவும், எதிர்மூலையில் மிரண்டு நிற்கும் ஓர் ஆணும்தான். ஆற்றில் மணல் அள்ளிய குழிகளை மூடி, கல் பரப்பி, கரையில் மரமும் நட்டாகிவிட்டது. குடியேறத்தான் ஆளில்லை.

தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவள் முட்டையிடவைக்கும் ஊசி போட்டுப் பார்த்துவிட்டாள். மழைபோலத் தண்ணீரைத் தூவியும் பார்த்துவிட்டாள். மீன் கற்களை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு விலகிப்போனதோடு சரி. அவளுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

பம்ப் ஓட்டுகிற அவள் கணவன் எட்டிப் பார்த்தான்.

"என்னடி, கல்லெல்லாம் நம்ம வீட்டு அடுப்படி மாதிரி பளபளன்னு இருக்கு?"

"பூஞ்சை புடிச்சா முட்டை வீணாப் போயிடும்ங்க. அதான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன்."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. ஆற்றிலிருந்து வந்தபோது அந்தக் கற்களில் வழுவழுவென்று பாசி இருந்தது. அந்த வழுவழுப்பில்தான் இந்த மீன் முட்டையை ஒட்டவைக்கும். தெரிந்த விஷயம்தான். அவள் கைதான் எங்கே சும்மா இருந்தது.

"நானே கொன்னுட்டேங்க."

"வாயைக் கழுவு. வா, வண்டியை எடுக்கறேன்."

ஆற்றில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் பச்சை படர்ந்த கல் ஒன்றை எடுத்தாள். ஆற்றுத்தண்ணீரோடு வாளியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அழுதாள். கணவன் வேகத்தடைகளில் மட்டும் மெதுவாகப் போனான்.

பொரிப்பகத்துக்குள் நுழைந்ததும் அவள் கை பழக்கதோஷத்தில் சோப்புக்குப் போனது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு ஒருநாள் அழுக்கா இரு தாயி."

முழங்கைவரை பாசியோடு கல்லை மெல்லத் தொட்டிக்குள் இறக்கினாள். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பெண் மீன் தள்ளாடி எழுந்து வந்தது. கல்லைத் தாண்டி வந்து, பாசி வழுக்கும் அவள் கையில் வயிற்றை உரசியது.

"கையை எடுத்துடு, கல்லுக்குப் போகும்" என்றான் அவன், ரகசியமாக.

"எடுத்தா பயந்து ஓடிடுமேங்க."

குனிந்தே நின்றதில் அவளுக்கு இடுப்பு விண்ணென்று வலித்தது. எதிர்மூலையில் ஆண் மீன் இன்னும் நகரவில்லை. இறுகிய அந்த வயிறு மறுபடியும் வந்து அவள் தோலை அழுத்தியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையைக் கல்லாக்கி நின்றாள்.