செவ்வாய்க்கிழமைப் பிறை

என் மனுசன் நூஹு மௌத்தாகி ஏழாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி முடிந்த கையோடு என் மகள் முஃபீதா கப்பல் கதையை எடுத்தாள். வந்திருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அவர்களுக்கு என்ன தெரியும்? அந்தக் கப்பலில் போக ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்ததே நூஹுதான்.

முஃபீதாவும் மருமகன் ஸஜீதும் துபாயில் இருக்கிறார்கள். ஒரு கப்பல் கொம்பனியில் ஐந்து தரம் உல்லாசப் பயணம் போய்ப் போய்ப் புள்ளி சேர்த்து, அந்தப் புள்ளிகள் தங்க அட்டையாகிவிட்டனவாம். தங்கம் என்றதும் எனக்கு ஒரு சந்தோஷம். பார்த்தால் பிளாஸ்டிக். ஆனால் அதன் சலுகைகளைக் கேட்டால் தலை சுற்றும். இரண்டாவது அறை ஒன்று இனாம், அதில் இரண்டு பேர் போகலாம். ஏறும்போது வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஒரு பை உடுப்பு சும்மா தோய்த்துக் கொடுப்பார்கள். பயணத் தேதியை ஒரே ஒரு தரம் காசில்லாமல் மாற்றலாம். புள்ளிகளுக்கு மட்டும் ஆயுசு குறைவு. ஜனவரி முடிந்தால் எல்லாம் செத்துவிடும்.

அந்த இனாம் அறை எனக்கும் நூஹுவுக்கும். கொழும்பில் ஏறி மாலைதீவு பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் திரும்புவது. ஒக்டோபரில் போக இருந்தோம். நூஹு முப்பது வருடம் கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டியவர். ஒரு நாளாவது என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனாரா என்று கேளுங்கள். அந்த மனுசன் புத்தளம் டவுனுக்குப் போய் வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்து, கால் பழகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார். தொண்ணூறில் எங்கள் ஆட்கள் எல்லாரையும் விரட்ட, மன்னாரை விட்டு வெளிக்கிட்டபோது, முஃபீதா வயிற்றில், யாருடையதோ அரிசி மூட்டைக்கு மேல் குந்திக்கொண்டு தோணியில் கற்பிட்டிக்கு வந்தவள் நான். வழி முழுக்க வாந்தி. “இனி ஒருக்கா கடல்ல போறதெண்டா படுத்துக்கொண்டுதான் போவோம், அலீமா” என்று அன்றைக்குச் சொன்னார். அந்த வாக்கை முப்பத்துச் சொச்சம் வருடம் கழித்துக் காப்பாற்றப் பார்த்தார். செப்டெம்பரில் மாரடைப்பு வந்தது.

அதனால்தான் முஃபீதா ஏழாம் நாளே வாயைத் திறந்தாள். தேதி மாற்ற அன்றுதான் கடைசி நாள்.

“உம்மா, வாப்பாட பேரை மாத்த ஏலாதாம். அவருட இடம் சும்மாதான் கிடக்கும். நீங்க வாங்க. இத்தா முடிஞ்ச அடுத்த நாளே ஏறலாம், நான் கணக்குப் பார்த்திட்டன்.”

கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. மருந்து மாத்திரைக்கல்லாமல் வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது. மாதம் என்றால் கலண்டர் மாதமில்லை, பிறை மாதம். நூஹு ஒரு மாதத்தின் முதலாம் பிறை இரவில் போனவர் என்பதால் கணக்குச் சுலபம். நாலு மாதம் கழிந்து, ரஜப் பிறை கண்டு, பத்தாம் நாள் பொழுதுபட்டு மஃரிபோடு முடியும். முஃபீதாவின் ஃபோனில் இருந்த பிறைக் கலண்டர் அது வெள்ளிக்கிழமை என்றது. கப்பல் சனிக்கிழமை. பகல் இரண்டு மணிக்குள் ஏறவேண்டும். விடியச் சுபஹோடு வேனில் வெளிக்கிட்டால் பத்து மணிக்குக் கொழும்பு. அவ்வளவுதான், மாற்றிவிட்டாள். இருந்த ஒரே மாற்றமும் அதோடு சரி.

பிறகு அவள் துபாய் திரும்பிவிட்டாள். நான் அறைக்குள், அவள் ஃபோனுக்குள். ஒவ்வொரு நாளும் திட்டம். ஹலால் சாப்பாட்டுக்கு எழுதிப் போட்டாச்சு. தங்க அட்டைக்காரருக்கு எட்டாம் மாடித் தட்டில் தனி இடம் இருக்கு, அங்கே தேத்தண்ணி எத்தனை தரமும் குடிக்கலாம். உடுப்பு நாலு சோடி போதும், ஒரு பை சும்மா தோய்க்கலாமே! நான் ஓம் ஓம் என்பேன். ஜன்னலில் சீலை தொங்கும். ரோட்டில் போகிற ஓட்டோவின் சத்தத்தை வைத்து அது யாருடையது என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன். கிழமைக்கு மூன்று நாள், தைத்த அபாயாக்களைத் தூக்கிக்கொண்டு கற்பிட்டிக் கடைகளுக்கு பஸ்ஸில் போய் வந்தவள் நான். நாலு சுவருக்குள் இருந்து என் சொந்தக் கால் விரல்களையே பார்த்துப் பார்த்து அலுத்துப் போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் போகவேண்டும். மனுசன் போன துக்கம் ஒரு பக்கம், கப்பல் ஆசை ஒரு பக்கம். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்காதா? இருந்ததே. ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? சித்தி மரியம் ராத்தா, நூஹுவின் கூடப்பிறந்த மூத்த காக்காவின் மனைவி, அடுத்த வளவில்தான் இருக்கிறாள். ஒருநாள் நான் முஃபீதாவோடு கதைத்துச் சிரித்தது அவள் காதில் விழுந்துவிட்டது. பின்னேரமே வாசலில் நின்று யாரோடோ சொன்னாள்:

“மையத்துச் சூடு ஆறல்ல. இங்க ஒராளுக்குக் கப்பல் கனவு.”

அன்றிலிருந்து ஃபோனில் சிரிப்பதையும் விட்டேன்.

டிசம்பர் நடுவில் ராத்தாவுடைய மனுசன் செய்னுலாப்தீன் மச்சான் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற மரைக்கார் அவர். மாதா மாதம் ஆலங்குடாக் கடற்கரையில் பிறை பார்த்து, கண்டால் கொழும்புக்கு அறிவிப்பதும் அவர் பொறுப்பு. நான் இத்தாவில் என்பதால் கதவுச் சீலைக்கு வெளியே நின்றுதான் என்னோடு கதைப்பார். நல்ல மனுசன், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்காமல் தும்மவும் மாட்டார்.

“அலீமா, முஃபீதா பார்த்தது துபாய்ப் பிறையல்லவா? நாங்க எங்கட பிறையைத்தானே எடுக்கணும்.”

வருசா வருசம் அவள் அங்கே பெருநாள் வட்டிலப்பம் சாப்பிடுகிற அன்று நான் இங்கே நோன்பு. இது தெரிந்த பிள்ளை, புள்ளி கணக்குப் பார்த்த அவசரத்தில் பிறை கணக்கைக் கோட்டை விட்டுவிட்டது. நானும்தான்.

“அப்ப மச்சான்?”

“மாசக் கடைசிச் செவ்வாய்க்கிழமை இங்கயும் பிறை கண்டா, பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை முடியும். காணாட்டி சனிக்கிழமை மஃரிபு.”

சனிக்கிழமை மஃரிபுக்குக் கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆக எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமைப் பிறையில் வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை விடியப்புறமே மழை. பகல் முழுக்கப் பிசுபிசுத்தது. ரஜப் பிறையை யார் தேடப் போகிறார்கள்? நோன்பா, பெருநாளா? பின்னேரம் சிரட்டை எடுக்கிற சாட்டில் பின்வளவுக்குப் போனேன். வளவுக்குள் நிற்கலாம், அதில் குற்றமில்லை. மேற்கே தென்னைகளுக்கு அங்கால் கடல், கடலுக்கு மேல் கரி மேகம். பாங்கு கேட்டது. தொழப் போக வேண்டும், கால் எழும்பவில்லை. யா அல்லாஹ், ஒருக்கா, ஒரே ஒருக்கா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

மேகம் ஓரிடத்தில் கிழிந்தது. இரண்டு ஓலைகளுக்கு நடுவில், வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரிப் பிறை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இருந்தது. பிஸ்மி சொல்லிப் பார்த்தேன். அப்போதும் இருந்தது. பிறகு மேகம் மூடிவிட்டது. சிரட்டைகளைப் போட்டுவிட்டு நின்ற இடத்திலேயே அழுதேன். நூஹு மௌத்தான அன்றுகூட அப்படி அழவில்லை.

எட்டு மணிக்கு வானொலியில் சொன்னார்கள், நாட்டில் எங்கும் பிறை தென்பட்டதாகத் தகவல் இல்லை, மாதம் முப்பதாகப் பூர்த்தி. கொஞ்ச நேரத்தில் மச்சானும் ராத்தாவும் வந்தார்கள். மச்சான் சீலைக்கு வெளியே. ராத்தா உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்தாள்.

“ஒத்தரும் காணல்லயாம்” என்றார் மச்சான். கொஞ்சம் பொறுத்து, “அலீமா, நீங்க பின்வளவுல நிண்டதாம். ஏதும் கண்டீங்களா?”

ராத்தாவின் கண் என் வாயில். நான் கண்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்படியே தெரிந்தது. நாடே காணாத பிறையை இத்தாவில் இருக்கிறவள் கண்டாளாம், கப்பலுக்குப் போக. ஆலங்குடா தொடக்கம் மாம்புரி வரைக்கும் ஒரு கிழமைக்கு வேறு கதை இருக்காது. நூஹுவின் பெயரும் அதில் இழுபடும். பேரப்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசும்போதும் யாராவது அதை ஞாபகப்படுத்துவார்கள்.

“இல்ல மச்சான். மேகம்தானே” என்றேன்.

வெளியே அவர் செருப்பைத் தேடுகிற சத்தம் மட்டும் கனநேரம் கேட்டது.

மறுநாள் புதன்கிழமை வானம் கழுவி விட்டது போல இருந்தது. மஃரிபுக்குப் பிறகு பிறை உயரத்தில், தடிப்பாக, வெட்கமில்லாமல் நின்றது. ரோட்டில் போனவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து, “இது ரெண்டாம் பிறைடா” என்றார்கள். சித்தி மரியம் ராத்தாவே வேலிக்கு அங்கால் நின்று, “என்ன புள்ள, ரெண்டாம் பிறை மாதிரிக் கிடக்கு” என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முஃபீதா துபாயிலிருந்து கொம்பனிக்கு ஃபோன் அடித்து, இரண்டு மணித்தியாலம் காத்திருப்புப் பாட்டுக் கேட்டாள். கடைசியில் ஒரு பெண் வந்து மன்னிப்புக் கேட்டாளாம். தங்க அட்டைக்கு ஒரு மாற்றம்தான். வைர அட்டை என்றால் இரண்டு மாற்றமாம்.

“ஒரு நாள்தானே உம்மா! அல்லாஹ்வுக்குத் தெரியாதா உங்கட மனசு?”

“தெரியும் மகள்” என்றேன். சித்தி மரியத்துக்கு அல்லவா தெரியாது.

தன் கண்ணால் கண்டவருக்கு அந்தப் பிறைதான் கணக்கு, ஊர் காணாவிட்டாலும் சரி. அதை நோன்புக் காலத்தில் மச்சானே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் என் இத்தா வெள்ளிக்கிழமையே முடிகிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை பொய் சொன்னேன் என்றும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காணாதவளுக்கு இன்றைக்கு எப்படிக் கண் தெரிந்தது என்று கேட்பார்கள். தினமும் காலையில் சொல்லிவிடுவது என்று எழும்புவேன். ராத்தா கஞ்சிக் கோப்பையோடு உள்ளே வருவாள். கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். இந்த வாய், ஊரிலே யாருக்கும் அடங்காத இந்த வாய், ஒரு சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்க அவர்கள் துபாயிலிருந்து வந்து இறங்கினார்கள். சனிக்கிழமை சுபஹோடு வேன் வந்தது. மருமகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெட்டிகளை ஏற்றினார். பிள்ளைகளுக்காகத்தான் போகிறோம், இல்லாவிட்டால் புள்ளியோடு புள்ளியாக நாசமாய்ப் போகட்டும் என்று விட்டிருப்பேன் என்று முஃபீதா அழுதாள். நூஹுவின் வெள்ளைச் சப்பாத்தை நான்தான் கடதாசியில் சுற்றி அவள் பையில் வைத்தேன்.

“அந்த அறையில வச்சிடு. ஒராளாவது ஏறட்டும்.”

பகல் நூஹுவின் ஃபோனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதை ஸஜீதுக்கு அனுப்பினேன், அவர் கொழும்பிலிருந்து வாசித்துச் சொன்னார். ‘வரவேற்கிறோம், திரு. நூஹு. உங்கள் அறை தயார்.’ நான் கொஞ்ச நேரம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பகல் சோறு ஆக்கினேன், ஒராளுக்குச் சோறு ஆக்குவது இன்னும் பழகவில்லை, மிஞ்சியது.

மஃரிபு பாங்கு சொல்லி முடிந்து, தொழுகையும் முடிந்து, மச்சான் வந்தார். ராத்தா நேரே குசினிக்குப் போய்விட்டாள். மச்சான் சீலைக்கு வெளியே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அல்ஹம்துலில்லாஹ். முடிஞ்சிது அலீமா. இனி நீங்க எங்கயும் போகலாம்.”

எங்கே போவது? அவர் எழும்பவும் இல்லை.

“ஒரு விசயம் சொல்லணும்” என்றார். “செவ்வாய்க்கிழமை மழையில ஒத்தரும் வரல்ல. நான் தனியத்தான் கடற்கரைக்குப் போனன். நான் பிறையைக் கண்டன்.”

என் கை சீலையைப் பிடித்துவிட்டது.

“தம்பிட பொஞ்சாதிட கப்பலுக்காக மரைக்கார் பிறை கண்டார் எண்டு சொல்லுவாங்க. பயந்திட்டன். பள்ளிப் பொறுப்பில இருந்துகொண்டு பிறையை மறைச்சிட்டன். இன்னொராள் கண்டதெண்டு சொன்னா நானும் சொல்லலாம் எண்டுதான் அண்டைக்கு உங்களுக்கிட்டக் கேட்டன். நீங்க காணல்ல எண்டீங்க. அதோட என்ட வாயும் மூடிட்டுது.”

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என்ன மனுசன் நீர், என்ன மரைக்கார் நீர் என்று கேட்க வாய் வந்தது. கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? நாலு மாதமாக விலக்காத சீலையை விலக்கிக்கொண்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றேன்.

“நானும் கண்டன் மச்சான்.”

அவர் அப்படியே என்னைப் பார்த்தார்.

“பிறகு ஏன் காணல்ல எண்டு சொன்னீங்க?”

“உங்கட பொஞ்சாதி என்ட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.”

குசினியிலிருந்து சித்தி மரியம் ராத்தா கூப்பிட்டுக் கேட்டாள், தேத்தண்ணிக்குச் சீனி எத்தனை கரண்டி என்று.