முழு அளவுப் படம்

பொழிச்சலூரில் ஜஹீராவின் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அடிக்கடி நிரம்பி வழிந்தது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள் என்பதால், அதற்கு அவளே ஒரு வழி செய்தாள். உள்ளங்கையளவு ராஸ்பெரி பை கம்ப்யூட்டரில் சின்ன கேமராவைப் பொருத்தி, தொட்டியின் நீர்மட்டம் காட்டும் அளவுக் குழாயைப் பார்க்கிற மாதிரி மாடியில் வைத்தாள். கீழே ஹாலில், லேப்டாப்பில் படம் வரும்.

எந்த அளவில் படம் எடுப்பது என்பதில்தான் சிக்கல். 640க்கு 480 பிக்சல் வைத்தால் குழாயின் கோடுகள் கலங்கிப்போயின. 1920க்கு 1080இல் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் அந்த அளவில் இந்த கேமரா காட்சியின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுக்கும். குழாயின் மேல்முனை விடுபட்டது. 1640க்கு 1232 வைத்துப் பார்த்தாள். அதில் லென்ஸ் பார்ப்பது எல்லாமே விழும்.

குழாய் முழுதாக வந்தது. கூடவே இடது ஓரத்தில் பக்கத்து வீட்டு மாடியும் வந்தது. அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள்.

பக்கத்து வீட்டில் ரிட்டயரான சுந்தரவல்லி டீச்சர் மட்டும்தான். பொத்தேரியில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றே தெருவில் நினைத்திருந்தார்கள்.

"ஏங்க, டீச்சர் வந்துட்டாங்க போல."

"கேட் பூட்டியே கெடக்கே?" என்றான் கணவன் ஜாபர்.

ஜஹீரா மாடியேறிப் பார்த்தாள். நல்ல வெயில். பக்கத்து மாடியில் யாருமில்லை. படிக்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்வாகப் போனது. கீழே வந்து இன்னொரு படம் எடுத்தாள். அந்தப் பெண் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

இருப்பதிலேயே பெரிய அளவை வைத்தாள்: 3280க்கு 2464. படம் மெதுவாக வந்தது. டீச்சர் பருமனானவர். இவளோ குச்சி மாதிரி இருந்தாள். தலையில் துண்டு. முகத்தில் நிழல். வலது கை கீழே, தன் காலடியைச் சுட்டிக்காட்டியது.

ஜாபர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "டீச்சருக்குப் போன் போடு," என்றான். குரல் இறங்கியிருந்தது.

போட்டாள். மணி பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. யாரும் எடுக்கவில்லை.

ஜாபர் சுவரேறிக் குதித்துப் பின்கதவை உடைத்தான். குளியலறைத் தரையில் டீச்சர் இடுப்பொடிந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது, மூச்சு இருந்தது. மகன் பொத்தேரியிலிருந்து வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில், பேச்சு வந்த பிறகு டீச்சர் கேட்டார்: "நான் உள்ள கெடக்கறது உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

ஜஹீரா தயங்கிவிட்டுப் போனில் படத்தைக் காட்டினாள். டீச்சர் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"என் தங்கச்சி பேபி. கேன்சர்ல முடியெல்லாம் போச்சு. அப்புறம் இப்படித்தான் துண்டு கட்டிப்பா. வெயில் வேணும்னு அங்கதான் நிப்பா. அவ போனப்புறம் நான் மாடி ஏறினதே இல்ல."

டீச்சர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இன்னும் பெருசாக்கு. முகம் தெரியல."

"இதுக்கு மேல இந்த கேமராவுல முடியாது டீச்சர்."

அந்த அளவை மாற்றக் கூடாது, தினம் ஒரு படம் அனுப்ப வேண்டும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். நடுப்பகுதி மட்டும் விழும் அளவுக்கே திரும்பிவிட வேண்டுமென்று ஜஹீராவுக்குத் தோன்றியது. ஆனாலும் அனுப்பினாள். படங்களில் வெறும் மாடிதான். "இன்னிக்கும் வரல" என்று டீச்சர் வாட்ஸ்அப்பில் பதில் போடுவார்.

டீச்சர் வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய வாரம், ஒரு மதியம் வேறு பதில் வந்தது.

"வந்துட்டா. சிரிக்கறா பாரு."

ஜஹீரா படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். கட்டம் கட்டமாக உடையும்வரை பெரிதாக்கினாள். துணி காயப்போடும் கம்பியும் அதன் நிழலும் மட்டுமே இருந்தன.