சாப்பாடு சூடாகும் குழாய்

“அந்த ட்ராப் செத்துப் பல மாசமாச்சு, அத்தான்! அது மேல சாக்பீஸால டிக் போட்டது யாரு?”

“நான்தான். டிக் போட்டா நல்லாயிருக்குன்னு யார் சொன்னது? பார்த்தேன்னு அர்த்தம்.”

“எதைப் பார்த்தீங்க?”

“டிக் போட இடம் இருக்கான்னு பார்த்தேன்.”

சொல்லிவிட்டு ஃபிட்டரே சிரித்துவிட்டார். சண்டையில் தனக்குத் தானே குழி தோண்டுவது அவருக்குக் கைவந்த கலை. குரல்கள் கூரையைத் தொட்டதும் பக்கத்து வீடுகளில் டிவி சத்தம் குறைந்தது. ஒட்டுக்கேட்பது பாவம்தான், பாதியில் விடுவது அதைவிடப் பாவம்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தரும் பெரிய சலவை ஆலையில் அவருக்கு வேலை. பாய்லரிலிருந்து ஆவி போகும் குழாய்களையும் வால்வுகளையும் கெட்டுப்போவதற்கு முன்னாலேயே பார்த்துச் சரிசெய்ய வேண்டியவர். தெருவில் அவருக்குப் பட்டப்பேர் ‘பார்த்துக்கலாம்’. எதிரே நின்று கத்தியது மச்சினி. படித்துவிட்டு அதே ஆலைக்குப் பராமரிப்பு இன்ஜினியராக வந்து, அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தாள். வீட்டில் மச்சினி, ஆலையில் மேலதிகாரி. பஸ்ஸில் மட்டும்தான் இருவருக்கும் சமாதானம்.

ட்ராப் என்பது கையளவு இரும்புப் பெட்டி. ஆவி குளிர்ந்து குழாயில் தேங்கும் தண்ணீரை வெளியே விடும், ஆவியை விடாது. கெட்டுவிட்டால் ஆவியையும் சேர்த்து விட்டுவிடும். அப்புறம் பாய்லர் எரிப்பதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். நீளமான திருப்புளியின் நுனியை அதில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தால் விட்டுவிட்டுச் சத்தம் கேட்க வேண்டும். இஸ்திரிப் பகுதி மூலையில் இருந்த ட்ராப்போ நம்ம தெரு மாதிரி, மூச்சு விடாமல் பேசியது.

“நாளைக்கு வெளியிலேர்ந்து சோதனைக்கு ஆள் வர்றார். அதுக்குள்ள மாத்துங்க. இல்லேன்னா தலைமை ஃபிட்டர் வேலைக்கு உங்க பேரை நான் எந்த முகத்தோட சொல்றது?”

“மாத்தித் தொலைங்களேன்!” சமையலறையிலிருந்து அக்கா. “அந்த வேலை வந்தா ஆலையில தனி வீடு தருவாங்கன்னு கேட்டுக் கேட்டே எனக்குப் பாதித் தலை நரைச்சாச்சு.”

“பார்த்துக்கலாம்” என்றார் ஃபிட்டர்.

சோம்பேறி என்றுதான் ஊர் சொன்னது. ஊர் என்றால் வேறு யார், நாம்தான். ஆனால் ட்ராப் கெட்ட அன்று அவர் மாற்றத்தான் போனார். அதற்குள், தப்பிய ஆவியால் அதன் பின்னால் கொதித்த குழாயின் மேல் இஸ்திரிக்காரம்மா தன் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டாள். மதியம் திறந்தால் ஆவி பறந்தது. “அண்ணே, நீங்க தெய்வம்!” என்றாள். வீட்டில் அவரை அழைக்கும் வார்த்தைகள் வேறு. தெய்வமான பிறகு யாருக்குத் திருப்புளியை எடுக்க மனசு வரும்? குழாயைச் சுற்றியிருந்த வெப்பக்காப்பு உறையையும் கழற்றி, டப்பாக்கள் உருளாமலிருக்கத் தகடும் பொருத்திக் கொடுத்தார்.

மறுநாள் காலை, புது ட்ராப்போடு முதல் ஆளாகப் போனார். போனால் தகடு நிறைய டப்பாக்கள். வால்வில் கை வைத்ததும் இஸ்திரிக்காரம்மா ஓடி வந்தாள்.

“என்ன பண்றீங்க, அண்ணே?”

“கெட்டுப்போச்சும்மா, மாத்துறேன்.”

“நல்லா கொதிக்குது, இதையா கெட்டுப்போச்சுங்குறீங்க?”

“கொதிக்குறதுதாம்மா கெட்டுப்போனது.”

“காலங்காத்தால உளறாதீங்க. சாப்பாட்டு மணி அடிக்கட்டும், அப்புறம் தொடுங்க!”

துணி மடிப்பவர்கள், வண்டி தள்ளுபவர்கள் எல்லோரும் குழாய்க்குக் காவலாக வந்து நின்றார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. தெய்வம் ஓரமாகப் போய் ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சினி சோதனைக்காரரோடு வந்தாள். நெட்டையான இளைஞர். குனிந்து பார்த்தார்.

“இது ட்ராப்பா, அடுப்பா?”

மச்சினிக்கு முகம் சிவந்தது. “யார் டப்பா இதெல்லாம்? எடுங்க எல்லாத்தையும்!” என்று முன்னால் இருந்ததைத் தானே தூக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாள். நல்ல சூடான இடத்தில், பச்சை நாடா கட்டிய டப்பா. அவளுடையதேதான். தினமும் அத்தானிடம் கொடுத்துவிடுவாள். மதியம் சுடச்சுட மேசைக்கு வந்துவிடும். கேன்டீனில் சூடாக்குகிறார் என்று நினைத்திருந்தாள்.

“ஏன் அத்தான் சொல்லலை?”

“சொன்னா ஆறினதைத்தான் தின்பேன்னு அடம் பிடிப்பே. உங்க அக்காவுக்கு யார் பதில் சொல்றது?”

சோதனைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதினார். மச்சினி, சுட்ட விரலை ஊதிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். மணி அடித்து டப்பாக்கள் போனதும் ஃபிட்டர் வால்வை மூடி, ட்ராப்பை மாற்றி, உறையையும் மாட்டினார். கால் மணி நேர வேலை. அதற்குத்தான் இத்தனை மாசம்.

“டிக் போட்டவனுக்கே டிக் விழலை” என்று அவரே தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். தலைமை ஃபிட்டர் வேலை கைநழுவியதைத்தான் சொல்கிறார் என்று நமக்குத் தெரியாதா?

மச்சினி நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, சாப்பாடு சூடாக்கும் மின்பெட்டி ஒன்றை வாங்க வைத்தாள். சோதனைக்காரர் அந்தப் பெட்டியையும் சோதிக்க வந்தார், அப்புறம் சும்மாவே வந்தார். கல்யாணம் முடிந்து இருவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இரவு ஷிஃப்டுக்காரர் ஒருவர் தலைமை ஃபிட்டராகி, ஆலையின் தனி வீட்டுக்குக் குடிபோனார். நம்ம ஃபிட்டர் நம்ம தெருவில் அதே பழைய வீட்டில்தான். மின்பெட்டியின் கதவு சரியாக மூடவில்லையாம். பார்த்துக்கலாம் என்கிறார்.