நெருப்பில்லாத அடுப்பு

காயத்ரி மேடம் நடத்திய பயிற்சி மையத்தில் ஒரு கேஸ் அடுப்பு இருந்தது. பளபளக்கும் ஸ்டீல், இரட்டை பர்னர், முன்பக்கம் நன்கொடை கொடுத்த சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில். எல்லாம் இருந்தது, சிலிண்டர் மட்டும்தான் இல்லை. பின்னால் தொங்கிய ரப்பர் குழாய் எங்கேயும் போய்ச் சேராமல் மேஜைக்கடியில் சுருண்டு கிடந்தது. நெய்வேலி நகரியத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்பதற்காக இந்த அடுப்பில்தான் டீ போடக் கற்றுக்கொண்டார்கள்.

அதில் வளவன் கெட்டிக்காரன். பதினேழு வயது, மீசை அரும்பிவிட்டது, பேச்சு குறைவு. ஒன்றைச் செய்து காட்டினால் இம்மி பிசகாமல் திருப்பிச் செய்வான். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்று, அடுப்பில் வை, திருகு, ஐம்பது வரை எண்ணு, டீத்தூள் போடு, அணை, வடிகட்டு. தண்ணீர் கொதிப்பதற்குப் பதிலாகத்தான் அந்த ஐம்பது. பச்சைத் தண்ணீரில் டீத்தூள் மிதக்க மிதக்க அவன் வடிகட்டி நீட்டுவான். காயத்ரி மேடம் கைதட்டி, "சூப்பர் வளவன்! ஃபுல் மார்க்!" என்பார். அந்தத் தண்ணீரை ஒருநாளும் அவர் வாயில் வைத்ததில்லை.

வளவனின் அப்பா சின்னதுரை சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்க்கும் பர்மனென்ட் தொழிலாளி. யாரையும் மதிக்காத வாய் அவருக்கு. மனைவி செத்ததிலிருந்து அந்த வாயை அடக்கவும் ஆளில்லை. ஷிப்ட் மாறி மாறி வரும். அவர் வேலைக்குப் போனால் பையன் குவார்ட்டர்ஸில் தனியாகத்தான் இருந்தாக வேண்டும். ஒரு டீ போட, இருக்கிற சோற்றைச் சூடு பண்ணித் தின்னக் கற்றுக்கொண்டால் வீட்டோடு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் விழுப்புரம் பக்கம் ஒரு விடுதியில் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஒருதரம் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் இருந்த கூடத்துக்கு வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. திரும்பி வந்தவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தார், கேஸ் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. அடுக்களையில் வளவன் நின்றிருந்தான். அடுப்பில் பாத்திரம் இருந்தது. திருகு முழுசாகத் திறந்திருந்தது. தீ மட்டும் இல்லை.

"முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு..."

அடுப்பை அணைத்து, பையனைத் தரதரவென்று வாசல் பலா மரத்தடிக்கு இழுத்து வந்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வளவன் உள்ளே போகத் துடித்தான். ஐம்பது இன்னும் முடியவில்லையே. "அப்பாவுக்கு டீ, அப்பாவுக்கு டீ" என்றான். பையன்மேல் குற்றமில்லை. வீட்டில் அவர் அவனை அடுப்புப் பக்கம் சேர்த்ததே இல்லை. அந்த மையத்திலோ நெருப்பு என்று ஒன்று இருப்பதையே யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை மையத்துக்குப் போனவர் உட்காரவில்லை. நடந்ததைக் கேட்டுக் காயத்ரி மேடம் பதறவுமில்லை.

"ஸ்டெப்ஸ் எல்லாம் கரெக்டா பண்ணானா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்."

"கரெக்டாதான் மேடம் பண்ணான். நான் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா நீங்களும் கரெக்டா மாலை வாங்கிக்கினு வந்திருப்பீங்க."

"நெகட்டிவா பேசாதீங்க. சேஃப்டிக்காகத்தான் நெருப்பு வைக்கல. அதெல்லாம் நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம்."

"டீ இந்த வருசம், நெருப்பு அடுத்த வருசமா?"

மேடம் அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஆண்டு விழா வருகிறதாம், ஒரு பெரிய அதிகாரியின் மனைவி சிறப்பு விருந்தினராம், மேடையில் வளவன் டீ போட்டுக் கொடுக்கப் போகிறானாம். நீலச் சட்டை ஒன்று வாங்கிவிடச் சொன்னார்.

"அந்தப் பச்சத் தண்ணியவா அந்தம்மா குடிப்பாங்க?"

"சேச்சே. ஃபிளாஸ்க்ல நல்ல டீ ரெடியா இருக்கும். கைல குடுக்கறப்ப மாத்திடுவோம். போட்டோல தெரியாது."

இப்படி ஒரு கூத்தை முகம் கோணாமல் சொல்வதற்கும் ஒரு வரம் வேண்டும். மேடத்துக்கு அது தாராளமாகவே வாய்த்திருந்தது.

வெளியே வந்து வண்டியை எடுத்தபோது பின்னாலேயே ஓடி வந்தாள் இசைப்பிரியா. திருவதிகைப் பெண். பண்ருட்டி பஸ் பிடித்து வந்து இங்கே டீச்சராக இருப்பவள்.

"நான் சிலிண்டர் கேட்டேங்க அண்ணா. தர மாட்டேன்னுட்டாங்க. நீங்க வூட்டுல பழக்குங்க."

"பழக்காமயா இருக்கேன்? நேத்துல இருந்து நெருப்பு நெருப்புன்னு கத்திக்கினு இருக்கேன். காதப் பொத்திக்கிறான்."

"கத்தினா அவனுக்கு நீங்க கத்துறது மட்டுந்தாண்ணா தெரியும். வாயே தெறக்காதீங்க. பக்கத்துல நின்னு செஞ்சு காட்டுங்க. லைட்டர் அடிக்கணும், தீ வந்தாதான் பாத்திரம். தீ வரலன்னா அணைச்சிட்டு வெளிய வந்துடணும். வூட்டுல யார் இருந்தாலும் கையப் புடிச்சு இட்டுக்கினு வரணும். தெனம் அதே மாதிரி, ஒண்ணையும் மாத்தாதீங்க."

நேற்றுப் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த பெண் நமக்குப் பாடம் எடுக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் சாயங்காலம் அவள் சொன்னதைத்தான் செய்தார். அவருக்கு வேறு எதையும் விட வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது. லைட்டர் சத்தத்துக்கே வளவன் முதலில் ஓடினான். பிறகு லைட்டரை விடவே மாட்டேன் என்றான், தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினான். சில நாள் சின்னதுரை வேண்டுமென்றே ரெகுலேட்டரை மூடி வைப்பார். தீ வராது. பழைய பழக்கத்தில் வளவன் பாத்திரத்தை வைக்கப் போவான். அவர் பேசாமல் அடுப்பை அணைத்து, அவன் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப் போவார். ஒருநாள் அவனே அணைத்தான். "நெருப்பு இல்ல. வெளிய" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

அப்படியும் ரெகுலேட்டரை அலமாரியில் பூட்டுவதை அவர் நிறுத்தவில்லை. நாம் பக்கத்தில் நிற்பதால் செய்கிறான், நாம் இல்லாவிட்டால்? யாராவது வந்து பாத்திரத்தை வை என்று அதட்டினால் வைத்துவிடுவானே? விடுதிக்காரன் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தான்.

இதற்கு நடுவில் ஆண்டு விழாவும் வந்தது. வளவன் நீலச் சட்டை போட்டு, பையில் லைட்டரைச் செருகிக்கொண்டான். சின்னதுரை கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சிறப்பு விருந்தினர் அம்மா பட்டுப்புடவையும் பொன்னாடையுமாக மைக்கைப் பிடித்து, "இவங்க எல்லாம் தெய்வக் குழந்தைங்க" என்றார். ரெண்டு நாளைக்கு ஒருதரம் சவரம் பண்ண வேண்டிய தெய்வக் குழந்தை அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தது.

வளவன் அடுப்பைத் திருகி லைட்டரை அடித்தான். டிக் டிக் என்றது, அவ்வளவுதான். குனிந்து பர்னரைப் பார்த்தான். அணைத்தான்.

"நெருப்பு இல்ல."

"பாத்திரம் வளவன், பாத்திரத்தை வை!" பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே காயத்ரி மேடம் அதட்டினார். பாத்திரத்தை அவன் கையில் திணித்தார். அவன் அதைத் தரையில் வைத்தான். மேடமே எடுத்து அடுப்பில் வைத்து, திருகித் திறந்து, "எண்ணு! ஒண்ணு, ரெண்டு..." என்றார். அவன் அணைத்தான். அவர் திறந்தார். அவன் மறுபடி அணைத்தான். கூட்டம் சிரித்தது.

அதற்குள் யாரோ, நேரமாகிவிட்டது என்று, ஃபிளாஸ்க் டீயைப் பக்கத்தில் நின்ற விருந்தினர் அம்மாவின் கையில் கொடுத்தும் விட்டார்கள். வளவன் ஒரு கையால் மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்தான், இன்னொரு கையால் அந்த அம்மாவைப் பிடித்தான். "வெளிய. எல்லாரும் வெளிய" என்று நடந்தான். அவன் பிடித்தால் பிடித்ததுதான். பொன்னாடை நழுவி விழ, டீ புடவையில் சிந்த, இரண்டு பேரும் அவன் பின்னால் தட்டுத் தடுமாறி வெளியே வாசலில் இருந்த ஒரு மரத்தடிக்கு வந்து சேர்ந்தார்கள். என்னமோ ஏதோ என்று மொத்தக் கூட்டமும் வெளியே வந்தது.

சின்னதுரைக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. நான் பக்கத்தில் இல்லையே! அத்தனை பெரிய மேடம் கையில் திணித்தும் என் பிள்ளை வைக்கவில்லையே! பொது இடமென்றும் பார்க்காமல் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

மரத்தடியில் விருந்தினர் அம்மா சமாளித்துக்கொண்டு, மிச்சமிருந்த டீயை ஒரு வாய் குடித்தார். "டீ பிரமாதம். இந்தப் பையன் போட்டதுதானே?"

"ஆமா மேடம்" என்றார் காயத்ரி மேடம், கண்ணைக்கூட இமைக்காமல். போட்டோக்காரன் அதையும் ஒரு படம் எடுத்தான்.

கூட்டம் கலைந்ததும் மேடம் சின்னதுரையிடம் சீறினார். "மானத்தையே வாங்கிட்டான். சொல்லிக் குடுத்ததுல ஒரு ஸ்டெப் கூட பண்ணல. இவனைத் தனியா விடவே முடியாது, ஹாஸ்டல்ல சேத்துடுங்க."

"சரிங்க மேடம்" என்றார் சின்னதுரை. இந்தப் பெண்பிள்ளைக்குப் பதில் சொல்வதற்கு வாயைத் திறப்பதே தண்டம். தள்ளி நின்ற இசைப்பிரியாவைப் பார்த்து மட்டும் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கிருந்தபடியே விழுப்புரத்துக்குப் போன் போட்டு, இடம் வேண்டாம் என்று சொன்னார்.

மறுநாள் காலை ஷிப்ட். கிளம்பும்போது பழக்கத்தில் ரெகுலேட்டரில் கை வைத்தார். கழற்றவில்லை. கட்டிலில் லைட்டரோடு உட்கார்ந்திருந்த மகனின் தலையைத் தடவினார்.

"மத்தியானம் வந்துடுவேன். எனக்கும் ஒரு டீ போட்டு வைடா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.