வெள்ளையடித்த தெரு

பாஞ்சாலி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்து, தன் வீட்டு வெள்ளைச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். "இம்மாம் ஒசரம் தண்ணி வந்துச்சு. புடிச்சுக்கோம்மா போட்டோ" என்றாள். நான் டேப்லெட்டைத் தூக்கவில்லை. தண்ணீர் விட்டுப்போன கறையைத்தான் படமெடுக்க வேண்டும், கையால் போட்ட கோட்டை எடுத்தால் மோசடி என்று திண்டிவனத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்தவள். அப்பேர்ப்பட்ட நல்ல பிள்ளை.

கடலோர வெள்ள அபாய வரைபடத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை எனக்கு. கார்த்திகைப் புயலில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று வீடு வீடாகப் பதிய வேண்டும். சேற்றுக்கறையின் பக்கத்தில் அளவுகோலை நிறுத்திப் படம் எடுத்தால்தான் செயலி வாங்கும். தெருவுக்கு ஐந்து கறையாவது வேண்டும். ஐந்து இருந்தால் வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பு. அடுத்த புயலுக்கு முன்னால் சிவப்புத் தெருவுக்கு ஆட்டோ வந்து அறிவிக்கும், பஸ் வந்து பள்ளிக்கூடத்து முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போகும். மற்றதெல்லாம் பச்சை. பச்சைத் தெருவுக்கு ஒரு ஈ காக்காய் வராது.

கார்த்திகையில் அடித்த புயலுக்கு எங்களைத் தை கடைசியில் அனுப்பினார்கள். நடுவில் பொங்கல் என்று ஒன்று இருப்பது அந்த ஏசி அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, எங்கள் வீட்டுக்கு நானே வெள்ளையடித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். மரக்காணத்துக்கு மேற்கே, கழுவெளி என்கிற சதுப்பு ஏரியின் ஓரத்தில் இருந்த அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். நாற்பத்தொன்று நீலம் கலந்த சுண்ணாம்பில் பளிச்சென்று நின்றன. சேற்று நாற்றம் போகட்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு பூச்சு கூடுதலாக அடித்திருந்தார்கள்.

அடிக்காத ஒரே வீடு கண்ணையனுடையது. முன்சுவர் முழுக்கப் பழுப்புக் கறை, மேல் விளிம்பு நூல் பிடித்த மாதிரி நேராக. நான்கடி இரண்டு அங்குலம். அதை மூன்று கோணத்தில் படமெடுத்தேன், மூன்றாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள் என்பதுபோல. கண்ணையன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொஞ்சாதி கெங்கம்மா அந்தத் தண்ணிலதான் பூட்டா இல்ல, வருசம் திரும்பல. அதான் பொங்கலும் வைக்கல, சுண்ணாம்பும் அடிக்கல" என்றார். "விடியகாலைல ஆட்டை அவுத்து வுடப் போனா. கழுவெளி மீறிக்கினு வருதுன்னு ஒருத்தன் வந்து சொல்லலம்மா. சொல்லியிருந்தா ஆடு கெடந்துட்டுப் போவுதுன்னு கெளம்பியிருப்போம்."

பாஞ்சாலி கரித்துண்டோடு பின்னாலேயே வந்திருந்தாள். "அவரு வூட்டுல நின்ன தண்ணி எங்க வூட்டை மட்டும் சுத்திக்கினா போச்சு? நாங்க இன்னா பொய்யா சொல்றோம்?"

"இல்லக்கா. ரூல்ஸ் அப்படி. கோட்டை எடுத்தா என் வேலை பூடும்."

"உனக்கு வேலை பூடும். எங்களுக்கு?"

குறிப்பு என்று இருந்த கட்டத்தில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்துவிட்டு, கடமையைச் செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

ஆடியில் புது வரைபடம் வந்தது. கண்ணையன் வீட்டுக் கறை ஒற்றைப் பதிவு என்பதால் பிழை என்று நீக்கப்பட்டிருந்தது. தெரு பச்சை. பக்கத்திலேயே மேட்டில் இருக்கும் கோயில் தெரு சிவப்பு. அதைக் கணக்கெடுத்தவன் ஆனந்தராஜ், என்னோடு பயிற்சிக்கு வந்தவன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனைப் பிடித்தேன்.

"அங்க கணுக்கால் தண்ணிகூட வரலையே ஆனந்து?"

"நிவாரணம் வரும்னு நெனச்சி வூட்டுக்கு ஒரு கோடு, சேத்தைக் கொழச்சி அவங்களே இழுத்து வச்சிருந்தாங்க. நானும் எடுத்துக்கினு பதினோரு மணிக்கெல்லாம் கெளம்பிட்டேன். நீயும் எடுத்திருக்கணும். இவ்ளோ பேஜாரு எதுக்கு உனக்கு?"

அவனைத் திட்ட வாய் வரவில்லை. என் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேர்மை, நேர்மை என்று நான் அன்றைக்குக் காப்பாற்றியது என் வேலையை மட்டும்தான். மனு எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை புதுப்பிக்கும்போது பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அடுத்த முறை என்றால் ஐந்து வருடம்.

ஐப்பசி கடைசியில் மறுபடி புயல் எச்சரிக்கை. கணக்கெடுத்த எங்களையே பஸ்ஸுக்கு ஒருவராகப் பிரித்து அனுப்பினார்கள். எனக்கு வந்தது கோயில் தெரு. மத்தியானம் மூன்று மணிக்கே வானம் கருத்துவிட்டது. ஐம்பது இருக்கை பஸ்ஸில் ஏறியது எட்டுப் பேர். மற்றவர்கள் வாசலில் நின்று, "இங்க எங்கம்மா தண்ணி வரப் போவுது?" என்று சிரித்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

டிரைவரிடம் கெஞ்சி பஸ்ஸைக் கழுவெளித் தெரு முனைக்குக் கொண்டுபோனேன். சனங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவில் தொங்கிக்கொண்டு கத்தினேன்: "அக்கா, எல்லாரும் ஏறுங்க. இடம் இருக்குது."

பாஞ்சாலி தலையில் அரிசி மூட்டையோடு நின்று என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"போன மழைக்கே நடந்து போனோம்மா, பள்ளிக்கூடத்துக்கு. கேட்டுல லிஸ்டைப் பாத்துட்டு, உங்க தெரு பச்சைன்னு புள்ளைங்களோட திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப ஏத்திக்கினு போயி நீ உள்ள வுட்டுருவியா?"

மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். பட்டியலில் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கிடையாது, இடமும் கிடையாது, உடனே கிளம்பு என்றார். கையில் அந்தப் பட்டியல்தான் இருந்தது.

"நாங்க ரோட்டு மேட்டுல இருந்துக்கிறோம். நீ போ, மழை புடிச்சுக்கும்" என்றாள் பாஞ்சாலி. அதில் குத்தல் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

டிரைவர் ஹாரன் அடித்தார். பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. பாதையை அடைத்தாற்போல் கண்ணையன் தன் சைக்கிளோடு நின்றிருந்தார். கேரியரில் பாயும் பாத்திரமும் கட்டியிருந்தது. பஸ் பின்னால் வந்து திரும்ப இடம் போதாதென்று பார்த்தவர், சைக்கிளைச் சேற்றில் இறக்கி ஓரமாகப் பிடித்துக்கொண்டு, "வா, வா, இன்னும் வா" என்று எட்டே பேர் உட்கார்ந்திருந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார்.