குறிப்புக் கட்டம்

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரியின் பழைய கணினித் திரையில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. குமாஸ்தாக்கள் அதில் கண்டதையும் எழுதி வைத்திருந்தார்கள். குப்பை என்று அதைத் தூக்கியது நான்தான்.

சம்பளம், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தனித்தனி மென்பொருள் சர்வீஸ்களாகப் பிரித்து வடிவமைப்பது என் வேலை. ஒரு தகவலுக்கு ஒரே சொந்தக்காரர் என்பது என் சட்டம். போன் நம்பர் பணியாளர் சர்வீஸுக்குச் சொந்தம். மற்றவை அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், தனியாக எதையும் எழுதி வைக்கக் கூடாது.

கல்கத்தாவில் கிடர்பூர் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பிஸ்வாஸ் மட்டும் முரண்டு பிடித்தார்.

"தீதி, நீங்க வெச்சிருக்கறது ஆளோட நம்பர். எங்களுக்கு வேண்டியது, அந்த ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கூப்பிடணும்கிறது. ரெண்டும் ஒண்ணு இல்லை."

கூட்டம் முடிகிற நேரம். அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவ்வளவு மிதப்பு எனக்கு.

மார்ச்சில் அப்பாவை அங்கேதான் சேர்த்தோம். அதே கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையரானவர். வேறு நம்பர் சீட்டில் எழுதித் தருகிறீர்களா என்று நர்ஸ் கேட்டாள். எல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது என்றேன், பெருமையாக.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டியது. "அலமுவைக் கூப்பிடுங்கோ" என்று அம்மா பேரையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். ஷிப்ட் மாறி வந்திருந்த நர்ஸ் திரையில் இருந்த நம்பருக்கு அடித்தாள். அப்பாவின் தலையணைக்கு அடியில் மணி அடித்தது. அவருடைய நம்பர்தான் அது. வேறு நம்பர் எங்கும் இல்லை.

அம்மாவிடம் போன் கிடையாது. பெஹாலாவில், கீழ்வீட்டு வங்காளி அண்ணி ஷிப்ரா பௌதிக்குத்தான் எங்கள் வீட்டு அழைப்பெல்லாம் வரும். ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து அரைமணி நேரம். சாயந்திரம் பார்வையாளர் நேரத்துக்கு அம்மாவும் நானும் ரசம் எடுத்துக்கொண்டு போனபோது, கட்டில் காலியாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா கேட்டாள்.

"போன தடவை சேர்த்தப்போ ஆஸ்பத்திரிக்காரா பௌதிக்குத்தானேடி போன் பண்ணினா? நான் உடனே போய் நின்னேனே. அந்த நம்பர் அவா கிட்ட இருக்குமே, ரோஹிணி."

"இருந்ததும்மா. குமாஸ்தா குறிப்புல எழுதி வெச்சிருந்தார். நான்தான் எடுத்தேன்."

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கூப்பிட்டும் நான் வரலைன்னு நெனச்சுண்டேதான் போயிருப்பார், இல்லையா?" என்றாள்.